புள்ளி நிற்க வேண்டும்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். வழக்கமாக அம்மா பேசி முடித்து, “இந்தா, அப்பாகிட்ட குடுக்கறேன்” என்று சொன்ன பிறகு இரண்டு வார்த்தை பேசுபவர், அன்று அவரே கூப்பிட்டார்.

“டெக் உசுர விட்டுருச்சுடா. பெல்ட்டு எங்கயும் கெடைக்கல. ரிப்பேர் பாக்குற ஆளும் இப்ப இல்ல. ஆம்ப்ளிஃபயரும் பாக்ஸும் நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் பாட்டுக் குடுக்க எதாச்சும் பாரு. ஐயாயிரத்துக்குள்ள முடி.”

அப்பாவுக்கு 71 வயது. 1984 முதல் 2001 வரை திண்டுக்கல்லில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். அந்தக் கடைகளை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்கள் துண்டுச் சீட்டில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள். கூடவே ஒரு காலி கேசட். அறுபதோ தொண்ணூறோ. கடைக்காரர் தன்னிடம் இருக்கும் இசைத்தட்டுகளிலிருந்து ஒவ்வொரு பாட்டாக எடுத்துப் பதிந்து, உறைமேல் பச்சை மையில் பெயர்கள் எழுதி, மூன்று நாள் கழித்துக் கொடுப்பார். சட்டப்படி சரியா என்று அன்றைக்கு யாரும் கேட்டதில்லை. ஊருக்கே பாட்டு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. வட இந்தியாவில் இதே கேசட் அலை செய்த வேலையைப் பீட்டர் மேனுவல் 1993இல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். திண்டுக்கல்லுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

கடை மூடியபோது எல்லாம் போனது. மிஞ்சியவை கல்கத்தாவில் செய்த ஒரு சோனோடைன் ஆம்ப்ளிஃபயர், இரண்டு பெரிய மர ஸ்பீக்கர் பாக்ஸ், ஒரு டெக். அந்த டெக்தான் இப்போது போய்விட்டது.

ஐயாயிரத்துக்குள் ஒரு பாட்டுப் பெட்டி. ஒரு மாலை நேர வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. காரணம் பணமில்லை, என் குழப்பம். கைபேசியின் வாலில் மாட்டும் ஆயிரம் ரூபாய் அடாப்டரும் டிஜிட்டல் இசையை அனலாகாக மாற்றித் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய்ப் பெட்டியும் அதையேதான் செய்கிறது. இரண்டின் அளவீட்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் இருக்கிறது. ஆனால் காதுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. ஐந்நூறு மடங்கு விலை எங்கே போகிறது? அதைவிட, ஆயிரம் ரூபாய்க்கு இது எப்படிச் சாத்தியமானது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நான் எண்பது வருடம் பின்னால் போய் விழுந்தேன்.

*

முதலில் பழைய உலகத்தில் காசு எதற்குப் போனது என்று பார்க்கவேண்டும். மோட்டாருக்குப் போனது.

இசைத்தட்டோ கேசட்டோ, காலம் என்பது அங்கே ஒரு சக்கரம் சுற்றும் வேகம். தட்டு நிமிடத்துக்கு 33 1/3 சுற்று. நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் சுருதி ஏறும், கொஞ்சம் தடுமாறினால் குரல் நடுங்கும். மலிவான கருவியில் வீணை அழும். நல்ல கருவி என்றால் கனமான தட்டு, நேர்த்தியாகக் கடைந்த அச்சு, அசையாத மோட்டார். இயந்திர நுட்பம் எப்போதுமே விலை உயர்ந்தது. அதை மலிவாக்க ஒரு எல்லைக்கு மேல் முடியாது.

அப்பாவின் கடையில் இருந்த தட்டுப் பிளேயரில், சுழலும் தட்டின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். பக்கத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு விநாடிக்கு நூறு முறை மின்னும். தட்டு சரியான வேகத்தில் சுற்றினால், ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில் ஒரு புள்ளி இருந்த இடத்துக்கு அடுத்த புள்ளி சரியாக வந்து நிற்கும். அதனால் சுழல்கிற தட்டில் புள்ளிகள் மட்டும் உறைந்து நிற்பதுபோலத் தெரியும். எனக்கு ஏழு வயது இருக்கும்போது அப்பா என்னைத் தூக்கிக் காட்டி விளக்கினார். “புள்ளி நிக்கணும். நின்னா வேகம் சரி. ஊர்ந்தா தப்பு.” வேகத்தைத் திருத்த ஓரத்தில் ஒரு குமிழும் இருந்தது.

நான் பார்த்த நாளெல்லாம் புள்ளிகள் மெல்ல முன்னோக்கி ஊர்ந்துகொண்டுதான் இருந்தன. ஏழு வயதில் அதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்க பயமாகவும் இருந்திருக்கலாம்.

*

காலத்தைச் சக்கரத்திடமிருந்து பிடுங்கியவர் அலெக் ரீவ்ஸ். ஆங்கிலேயர். 1937இல் பாரிஸில் ஐடிடி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தொலைபேசி வேலையில் இருந்தார். தொலைபேசிக் கம்பியில் குரல் தூரம் போகப்போகத் தேயும். வழியில் பெருக்கிப் பெருக்கி அனுப்பினால் குரலோடு இரைச்சலும் பெருகும். ரீவ்ஸ் குரலை அனுப்பாமல், குரலின் உயரத்தைச் சீரான இடைவெளியில் அளந்து, அந்த எண்களை மட்டும் அனுப்பலாம் என்றார். எண்களுக்குத் தேய்மானம் கிடையாது. துடிப்பு இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்து வழியில் புதிதாகவே எழுதிக்கொள்ளலாம். 1938இல் பிரெஞ்சுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வெற்றிடக் குழாய்கள் காலத்தில் அதைக் கட்ட அலமாரி அலமாரியாகக் கருவி வேண்டும் என்பதால் யாரும் சீந்தவில்லை. அந்த முறையின் பெயர் பிசிஎம். இந்த மூன்று எழுத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

எவ்வளவு அடிக்கடி அளப்பது? நிக்விஸ்ட் 1928இலும், கோட்டெல்னிகோவ் 1933இலும், ஷானன் 1949இலும் தனித்தனி வழியாக வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். ஓர் ஒலியில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும். நடுவில் எதுவும் தொலையாது. கிட்டத்தட்ட சரி என்ற பொருளில் சொல்லவில்லை. கணிதப்படி முழுவதும் மீளும். இளம் வயதில் மனிதக் காது கேட்கும் உச்சம் 20,000 ஹெர்ட்ஸ். ஆகவே விநாடிக்கு 40,000க்கு மேல் கொஞ்சம்.

என்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் இதைப் பதினாறு மார்க் கேள்வியாக எழுதியிருக்கிறேன். படம் வரைந்து, பெட்டி கட்டி, நிரூபித்து. அப்பா ஏன் கடையை மூடினார் என்பதற்கான விடையைத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு அன்று தெரியாது.

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது முடிவான கதை எனக்கு மிகவும் பிடித்தது. சிடியின் எண் 44,100. இந்தக் கோணல் எண் எங்கிருந்து வந்தது? 60களின் கடைசியில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஹெய்டாரோ நகாஜிமாவின் குழு டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை உருவாக்கியது. 1972இல் டெனான் நிறுவனம் ஒலிப்பதிவுக்கூடங்களில் பயன்படும் கருவியையே செய்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே பிரச்சினை. விநாடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான பிட்களை எதில் எழுதுவது? அன்றைக்கு அவ்வளவு வேகமாக எழுதத் தெரிந்த, கையில் கிடைக்கக்கூடிய ஒரே பொருள் வீடியோ டேப். ஆகவே எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, தொலைக்காட்சிப் படம்போல வேஷம்போட்டு, வீடியோ ரெக்கார்டரை ஏமாற்றி எழுதவைத்தார்கள். நகாஜிமா இதற்குள் சோனிக்குப் போயிருந்தார். 1978இல் வந்த சோனியின் பிசிஎம்-1600 செய்த வேலை இதுதான்.

தொலைக்காட்சிப் படம் கோடு கோடாக வரையப்படுகிறது. அமெரிக்க, ஜப்பானிய முறையில் விநாடிக்கு 60 அரைப்படங்கள், ஒவ்வொன்றிலும் பயன்படுத்தக்கூடிய கோடுகள் 245. கோட்டுக்கு மூன்று அளவுகள் வைத்தால் 60 × 245 × 3 = 44,100. ஐரோப்பிய முறையில் விநாடிக்கு 50 அரைப்படங்கள், 294 கோடுகள். 50 × 294 × 3. மறுபடியும் 44,100. இரண்டு கண்டங்களின் தொலைக்காட்சிக்கும் பொதுவாக அமைந்த ஓர் எண். இன்று நாம் கேட்கும் பாட்டுகளில் பெரும்பகுதி இன்னமும் இந்த எண்ணில்தான் ஓடுகிறது. யாரும் இப்போது கண்ணால்கூடப் பார்க்காத ஒரு வீடியோ டேப்பின் கோடுகள் ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் கிடக்கின்றன.

*

1980இல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து சிடியின் விதிகளை எழுதின. சண்டை இல்லாமல் இல்லை. பிலிப்ஸ் 14 பிட் போதும் என்றது, அவர்களிடம் 14 பிட் சில்லு தயாராக இருந்தது. சோனி 16 என்று பிடிவாதம் பிடித்தது. தட்டு 11.5 சென்டிமீட்டரா 12 சென்டிமீட்டரா என்பதிலும் இழுபறி. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முழுதாக அடங்கவேண்டும் என்பதற்காக 12 ஆனது என்று ஒரு கதை உலவுகிறது. 11.5க்கு ஏற்ற தொழிற்சாலை பிலிப்ஸ் குழுமத்தின் கையில் ஏற்கெனவே இருந்தது, அந்த முன்னிலையை உடைக்கத்தான் சோனி அளவை மாற்றியது என்பது பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்கின் கருத்து. எனக்கு இம்மிங்க் சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது. கம்பெனிகள் சிம்பொனிக்காக வளைந்ததாக நான் பார்த்ததில்லை.

16 பிட் என்று முடிவானதும் பிலிப்ஸ் பொறியாளர்கள் தங்கள் 14 பிட் சில்லைத் தூக்கி எறியவில்லை. தட்டில் இருக்கும் 44,100 அளவுகளுக்கு நடுவில் இருக்கவேண்டியவற்றைக் கணக்குப் போட்டு நிரப்பி, விநாடிக்கு 1,76,400 ஆக்கினார்கள். சில்லின் பிழையைக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளிவிட்டார்கள். 14 பிட் சில்லு கிட்டத்தட்ட 16 பிட் வேலை செய்தது. இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. நுட்பமான பாகத்தைக் காசு கொடுத்து வாங்குவதற்குப் பதில் கணக்குப் போடு. கணக்கு வருடா வருடம் மலிவாகும், பாகம் ஆகாது. இன்றைய ஆயிரம் ரூபாய் அடாப்டரின் விதை அந்த முடிவில் இருக்கிறது.

சோனியின் சிடிபி-101, 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். அவ்வளவு விலைக்கும் அதில் இருந்தது ஒரே ஒரு மாற்றிச் சில்லு. இடது காதுக்கும் வலது காதுக்கும் மாறி மாறி வேலை பார்த்தது. அதனால் ஒரு பக்கம் சுமார் 11 மைக்ரோ விநாடி பிந்திவரும். பயங்கரமாகத் தோன்றுகிறதா? அந்த நேரத்தில் ஒலி நான்கு மில்லிமீட்டர் போகும். கேட்பவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் சரியாகிவிடும்.

உண்மையான புரட்சி வேறிடத்தில் நடந்தது. சிடி பிளேயரின் மோட்டார் உள்விளிம்பில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றும், வெளிவிளிம்புக்கு வரும்போது 200 சுற்றுமாக வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. தடுமாறத்தான் செய்கிறது. தடுமாறினால் என்ன? படித்த எண்கள் முதலில் ஒரு சிறு நினைவகத் தொட்டியில் விழுகின்றன. அங்கிருந்து அவற்றைச் சீராக எடுத்து வெளியே விடுவது ஒரு குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்தில் இருப்பதன் தம்பி. சில ரூபாய்தான் விலை. வேகப்பிழை சாதாரணமாக நூற்றில் ஒரு பங்கு சதவீதத்துக்குள். அப்பாவின் உலகத்தில் எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடைக்காத நிதானம் அது. புள்ளிகள் அப்போதுதான் நிஜமாகவே நின்றன.

*

இதெல்லாம் திண்டுக்கல்லுக்கு எப்போது வந்தது? சிடி பிளேயராக வரவில்லை. எங்கள் தெருவில் யாரும் அதை வாங்கியதில்லை. வந்தது விசிடி பிளேயராக.

1993இல் சீனாவின் ஹஃபெய் நகரில் வான்யான் என்ற நிறுவனம் முதல் விசிடி பிளேயரைச் செய்தது. படம் காட்டத்தான் செய்தார்கள். ஆனால் சிடியையும் அது வாசிக்கும். சீனத் தொழிற்சாலைகள் போட்டி போட்டுக்கொண்டு விலையை இறக்கின. 90களின் கடைசியில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் அது குவிந்தது. நம்மில் பலருடைய வீட்டுக்கு வந்த முதல் டிஜிட்டல் பாட்டுப்பெட்டி ரஜினி படம் பார்க்க வாங்கிய அந்த வெள்ளிநிறப் பெட்டிதான். ஆடியோ வரலாறு எழுதும் வெள்ளைக்காரர்கள் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. பழைய சோனி பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டி நல்ல சிடி பிளேயர் என்று கண்டுபிடித்து, ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகை 2008இல் விமர்சனமே எழுதியது. நம் விசிடிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பின்னாலேயே எம்பி3 வந்தது. ஜெர்மனியின் எர்லாங்கனில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் கூட்டாளிகளும் செய்தது. பலத்த ஓசைக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஓசை காதில் விழாது. விழாததை ஏன் சேமிக்கவேண்டும்? இதுதான் யோசனை. சுசான் வேகா வெறும் குரலில் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டு ஆரம்பத்தில் அவர்கள் முறையில் நாசமாகப் போனது. அந்தக் குரல் சரியாக வரும்வரை அதையே வைத்துத் திருத்தினார்கள். 1995 ஜூலையில் கோப்புக்குப் பெயர்வால் எம்பி3 என்று முடிவானது. சிடிக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். எம்பி3 அதை 128இல் முடித்தது. பதினொன்றில் ஒரு பங்கு.

பர்மா பஜாரில் ஒரு சிடியில் 150 பாட்டு கிடைத்தது. அந்த சிடியைப் பாட வைக்கும் பிளேயர்களும் வந்துவிட்டன. துண்டுச் சீட்டு எழுதிக்கொண்டு, காலி கேசட் வாங்கிக்கொண்டு, மூன்று நாள் காத்திருந்து 14 பாட்டு வாங்க ஆள் இல்லை. கடையின் கடைசி மாதங்களில் யாரோ ஒரு எம்பி3 சிடியைக் கொண்டுவந்து அப்பாவிடம் போட்டுக் காட்டினார். கேட்டுவிட்டு அப்பா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “ஜால்ராவத் தண்ணிக்குள்ள வச்சுத் தட்ன மாதிரி இருக்கு.” நாங்கள் பொறாமை என்று நினைத்தோம். பத்து வருடம் கழித்து நான் படித்தேன்: குறைந்த பிட்டில் சுருக்கிய எம்பி3இல் முதலில் கெடுவது கைத்தாளம், சிம்பல் போன்ற கூர்மையான உயர் ஓசைகள்தான், அவை குழம்பி நீரோட்டம்போலக் கேட்கும் என்று. அவர் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதனால் கடை பிழைக்கவில்லை.

*

ஆக, என் மூன்று வாரக் குழப்பத்துக்கு ஒரு பாதி விடை கிடைத்துவிட்டது. சத்தத்துக்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

உயர்தரம் என்று விற்கப்படும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகள்? 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தரத் தட்டுகளை நேரடியாகவும், நடுவில் சிடி தரத்துக்குச் சுருக்கியும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில் சரியான விடை 276. காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும். 2016இல் ஜோஷுவா ரீஸ் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வித்தியாசம் தெரிகிறது, ஆனால் 100க்கு 52 என்ற அளவில்தான் என்றார். இரண்டையும் படித்த பிறகு அப்பாவை நினைத்தேன். போன வருடம் காது டாக்டர் கொடுத்த வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு மலைச்சரிவுபோல இறங்குகிறது. கைத்தாளம் தண்ணீருக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று சொன்ன காது. அந்தக் காதுக்கு 96,000 ஹெர்ட்ஸ் வரை போகும் கோப்பு எதற்கு?

கடையில் ஒப்பிட்டுக் கேட்டு வாங்குபவர்களுக்கு ஒன்று. சிடி பிளேயரின் வெளிவரும் மின்னழுத்தம் 2 வோல்ட். கேசட் டெக் அதில் பாதிகூடத் தராது. சத்தம் கூடினாலே நம் காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால், எது சத்தமோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

மீதிப் பாதி வேறு மாதிரியான கவலை. அது என் தொழில் சம்பந்தப்பட்டது.

ஸ்குவீஸ்பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருந்தது. ஷான் ஆடம்ஸ் 2000இல் தொடங்கிய சின்னக் கம்பெனி, ஸ்லிம் டிவைசஸ். கணினியில் இருக்கும் பாட்டை வீட்டு வலையமைப்பு வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுவரும் பெட்டிகளை அவர்கள் 2001இலேயே விற்றார்கள். 2006இல் லாஜிடெக் வாங்கியது. 2012இல் நிறுத்தியது. அதன் இணைய சேவை 2024இல் மூடப்பட்டது. கூகிளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015இல் 35 டாலருக்கு வந்தது. மலிவு டிஜிட்டல் பெட்டிகளிலேயே அற்புதம் என்று பெயரெடுத்தது. 2019 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் ஒரு நாள் உலகம் முழுக்க அந்தப் பெட்டிகள் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தன. பெட்டிக்குள் புதைத்திருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழின் பத்து வருட ஆயுள் அன்றோடு முடிந்தது. சில நாட்களில் திருத்தம் அனுப்பிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் சான்றிதழுக்கு அந்தத் தேதியைப் போட்டவர் யாராக இருந்தாலும், என்னைப்போல ஒருவர்தான். பத்து வருடம் கழித்து யார் இதை வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். நானும் நினைத்திருக்கிறேன், வேறு வேறு மென்பொருள்களில்.

எனக்கே ஒரு அனுபவம் உண்டு. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைப் போட்டு இணைய இசைப்பெட்டி ஒன்று வாங்கினேன். நான்கு வருடம் கழித்து, அதை இயக்கும் செயலி புதிய கைபேசியில் இறங்காது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியில் ஒரு பாகமும் பழுதில்லை. விளக்கு எரிகிறது. இன்றும் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது.

அப்பாவின் டெக் பெல்ட் அறுந்துதான் செத்தது. அது ஒரு கௌரவமான சாவு.

*

ஆகவே நிபந்தனைகளை எழுதினேன். இணையம் இல்லாவிட்டாலும் பாடவேண்டும். எந்தக் கம்பெனியின் சர்வரும் வேண்டாம். பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றமுடிய வேண்டும். கைபேசியைத் தொடாமல் அப்பா பொத்தானை அழுத்திப் பாட்டு வைக்கவேண்டும். அவருக்குத் தொடுதிரை வராது. விரல் நடுங்கி ஒன்றுக்கு மூன்று முறை படுகிறது. இது எந்த விமர்சனத்திலும் வராத நிபந்தனை. எங்களுக்கு இதுதான் முதல்.

பழைய கைபேசியோடு அடாப்டர் என்பது மலிவானது, பொத்தான் இல்லை. யூஎஸ்பி துளை உள்ள பழைய டிவிடி பிளேயர் இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும், ரிமோட்டும் உண்டு. நிறையப் பேருக்கு அதுவே போதும், நான் கூச்சமில்லாமல் பரிந்துரைப்பேன். ஆனால் அது பெரும்பாலும் எம்பி3 மட்டும்தான் வாசிக்கும். டிவியையும் போட்டால்தான் எந்தப் பாட்டு என்று தெரியும்.

கடைசியில் வாங்கியது ராஸ்பெரி பை ஜீரோ 2. மெல்லும் கோந்து பட்டை அளவுள்ள கணினி. அதில் ஹெட்போன் துளையே கிடையாது. அதோடு ஒரு சின்ன மாற்றிப் பலகை. இரண்டையும் இணைப்பது மூன்று சமிக்ஞைக் கம்பிகள். அந்த இணைப்பு முறையின் பெயர் ஐ2எஸ். பிலிப்ஸ் 1986இல் சிடி பிளேயருக்குள் சில்லுகள் பேசிக்கொள்ள வகுத்தது. நாற்பது வருடமாக மாறவில்லை. பலகையில் இருக்கும் சில்லின் பெயர் பிசிஎம்5102. வெற்றிடக் குழாய்க் காலத்தில் யாரும் சீந்தாத ரீவ்ஸின் மூன்றெழுத்து, விரல்நகத்தைவிடச் சின்ன ஒரு கறுப்புச் சில்லின் முதுகில் அச்சாகியிருக்கிறது. அது தரும் மின்னழுத்தம் 2.1 வோல்ட். ஆம்ப்ளிஃபயருக்கு அது சிடி பிளேயரேதான்.

ஒரு அகச்சிவப்பு உணர்வியைப் பற்றவைத்து, செத்துப்போன டிவியின் ரிமோட்டைப் பழக்கினேன். வேலைக்குச் சேர்ந்தபின் நான் வாங்கிச் சேர்த்த சிடிகள் இருநூற்றுச் சொச்சம். அவற்றை ஃபிளாக் கோப்புகளாக்கினேன். ஜாஷ் கோல்சன் 2001இல் வெளியிட்ட முறை, ஒரு பிட்கூட இழக்காமல் பாதி அளவுக்குச் சுருக்கும், யாருக்கும் காசு கட்டவேண்டாம். மொத்தமும் ஒரு நினைவு அட்டையில் அடங்கியது. அட்டையைப் பிரதி எடுத்து பீரோவில் ஒன்று, என்னிடம் ஒன்று. மொத்தச் செலவு ஐயாயிரத்து நானூறு. நானூறை அப்பாவிடம் சொல்லவில்லை.

*

தீபாவளிக்குப் போயிருந்தபோது மாட்டினோம். அம்மா ஆம்ப்ளிஃபயர்மேல் இருந்த தூசைத் துடைத்தாள். அப்பா நாற்காலியை இரண்டு பாக்ஸுக்கும் நடுவில், அளந்து வைத்ததுபோலப் போட்டு உட்கார்ந்தார். ரிமோட்டில் ஒன்றை அழுத்தினார். எண்பதுகளின் ராஜா பாட்டு ஒன்று. கடையில் ஆயிரம் தடவையாவது பதிந்திருப்பார்.

ஒரு சரணம் முடியும்வரை கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, “மெதுவா ஓடுதே?” என்றார்.

“மெதுவா ஓடாதுப்பா. இதுல மோட்டாரே கெடையாது. படிகம்...”

“பாட்டு வாடிக் கெடக்கு. இது இப்படி இருக்காது.”

நான் படிகத்தைப் பற்றிச் சொன்னேன். புள்ளி இதில்தான் நிஜமாக நிற்கிறது என்று சொன்னேன். அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னார்.

“கடையில புள்ளி என்னிக்கு நின்னுச்சு?”

அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஆட்கள் பக்கத்துக்கு ஏழு பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு பாட்டு நாலு நிமிடம் இருபது விநாடி என்று வைத்தால், ஏழாவது பாட்டின் கடைசி இருபது விநாடி வெளியே நிற்கும். ஆறோடு நிறுத்தினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். பாதியில் அறுத்தால் சண்டைக்கு வருவார்கள். தொண்ணூறு வாங்கு என்றால் காசில்லை என்பார்கள். அதனால் குமிழைக் கொஞ்சம் திருகி வைத்துவிட்டார். புள்ளிகள் ஊர்ந்தன. ஏழு பாட்டும் அடங்கின. பாட்டுக்கும் ஒரு மினுக்கம் வந்தது, வாடிக்கையாளர்கள் “உங்க கடையில பதிஞ்சாத்தான் எடுப்பா இருக்கு” என்றார்கள். பதினேழு வருடம். அந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனை வீடுகளில், எத்தனை கல்யாணங்களில், கால் சுருதி ஏறிய பாட்டுகளைக் கேட்டு எத்தனை பேர் வளர்ந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அதில் நானும் ஒருவன். எனக்கு இது மெதுவாகத் தோன்றவில்லை என்பதுதான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. சிடி என் காதைத் திருத்திவிட்டிருந்தது.

“உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது” என்றார். அம்மா சமையலறையிலிருந்து, “தெரியும்” என்றாள்.

அன்றிரவு மடிக்கணினியை எடுத்து உட்கார்ந்தேன். கோப்புகளை மறுபடி ஓட்டி, வேகம் ஏற்றிய இன்னொரு பிரதி எடுப்பது நான்கு வரி நிரல்தான். அட்டையில் இடமும் இருந்தது. மூலக் கோப்புகளைத் தொடவேண்டாம், ‘கடை’ என்று தனியாக ஒரு அடைவு வைத்து, அதற்கு ரிமோட்டின் பச்சைப் பொத்தானைக் கொடுத்துவிடலாம். எவ்வளவு சதவீதம் என்று கணக்குப் போட்டேன். முப்பது நிமிடம் இருபது விநாடியை முப்பதுக்குள் கொண்டுவரவேண்டும், பாட்டுகளுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும். மூன்று என்று வைத்து ஒரு பாட்டை மாற்றி, காலையில் காப்பி குடிக்கும்போது போட்டுக் காட்டினேன்.

அப்பா பல்லவி முடியும்வரை கேட்டார்.

“மூணு வச்சிருக்கியா?”

“ஆமாப்பா.”

“ஜாஸ்தி. ரெண்டே முக்கால் வை.”